பொனற்றுக்குள் ஒரு தகடு

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருக்கும் ஒருவரிடம் "இதை முதன்முதலிலை ஆர் வாங்கினது?" என்று கேட்டால், பெயருக்கு முன் தொழில்தான் பதிலாக வரும். "ஒரு டொக்டர் வைச்சிருந்தவராம்", "புறொக்டர் ஒருவற்றை கார்", "மலாயன் பென்சனியர் ஒருத்தர் இறக்கினது." அதற்கு மேல் துருவினால் கதை மங்கிவிடும். எந்த ஆண்டு, கொழும்பில் எந்தக் கம்பனியிடம், புதுக் காராகவா அல்லது இரண்டாம் கையாகவா என்பதற்கெல்லாம் சாட்சி சொல்லும் கடதாசி வீட்டில் அரிதாகவே இருக்கும். ஆனால் பொனற்றைத் தூக்கினால், எஞ்சினுக்குப் பின்னுள்ள தகரச் சுவரில், தூசும் எண்ணெயும் படிந்த சிறிய தகடு ஒன்று தென்படும். துணியால் துடைத்தால் சில ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் தெரியவரும். அந்தக் காரின் முதல் விற்பனை பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று பெரும்பாலும் அதுதான். அந்தத் தகட்டிலிருந்து தொடங்கி முதல் உரிமையாளர் வரை எவ்வளவு தூரம் போகலாம், எங்கெங்கே வழி அறுந்திருக்கிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

குடாநாட்டின் தெருக்களில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் இத்தனை காலம் ஓடியதற்குப் பழமைமேல் எவருக்கும் இருந்த காதல் காரணமல்ல. இரண்டு கதவடைப்புகள் காரணம்.

முதலாவதை விளங்கிக்கொள்ள, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரித்தானியா இருந்த நிலையை நினைக்க வேண்டும். கடனில் மூழ்கியிருந்த அந்த நாடு டொலருக்கும் ஏற்றுமதிக்கும் ஏங்கியது. கார்த் தொழிற்சாலைகளுக்கு எஃகு வேண்டுமென்றால் கார்களை வெளிநாட்டுக்கு அனுப்பிக் காட்ட வேண்டும் என்பது அரசின் விதி. பேர்மிங்காமின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து ஒஸ்ரினும், ஒக்ஸ்ஃபோட்டின் கௌலி தொழிற்சாலையிலிருந்து மொறிஸும் உலகின் துறைமுகங்களுக்கெல்லாம் போயின. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் கார்க் கண்காட்சியில் அறிமுகமானது. ஒஸ்ரின் ஏ-40 டெவன் அதற்கு முந்திய ஆண்டே வந்துவிட்டது. அதன் இடத்துக்கு 1952இல் உருண்டு திரண்ட உடலோடு சோமசெற் வந்தது, 1954இல் கேம்பிறிட்ஜ். இரு கம்பனிகளும் 1952இல் பிரிட்டிஷ் மோட்டார் கோப்பரேஷன் என்ற ஒரே குடையின் கீழ் இணைந்தன.

அப்போதுதான் சுதந்திரம் பெற்றிருந்த இலங்கை இந்தக் கார்களுக்கு நல்ல சந்தை. கொரிய யுத்தக் காலத்தில் றப்பர் விலை ஏறி நாட்டின் கையில் காசு புரண்டது. யாழ்ப்பாணத்துக்கு அதைவிட வேறு வருமானங்களும் இருந்தன. மலாயா, சிங்கப்பூர் றெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்களின் பென்சன், தெற்கில் உத்தியோகம் பார்த்தவர்கள் அனுப்பிய பணம், புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் தந்த வரவு. வீட்டு முகப்பில் கார் நிற்பது இந்தப் பணத்தின் வெளித்தோற்றமாயிற்று. வைத்தியர், சட்டத்தரணி, பாடசாலை அதிபர், வர்த்தகர் என்று ஒவ்வொரு ஊரிலும் கார்க்காரர் சிலர். ஊரில் கார் வைத்திருந்தவரின் பெயரைவிடக் காரின் இலக்கம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்த காலம் அது.

அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கியதும் 1960களின் தொடக்கத்தில் இலங்கை அரசு கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. இதுதான் முதற் கதவடைப்பு. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை புதுக் கார் என்பது மிகச் சிலருக்கே எட்டும் பொருளாக இருந்தது. ஆகவே யாழ்ப்பாணத்துத் தெருக்களில் நின்ற பிரித்தானியக் கார்களிற் பெரும்பங்கு ஏறக்குறைய 1947க்கும் 1961க்கும் இடையே வந்திறங்கியவை. தேடுபவருக்கு இது பெரிய உதவி. பழைய மைனர் ஒன்றைக் கண்டால், அதன் முதல் விற்பனை பெரும்பாலும் இந்தப் பதினைந்து ஆண்டுக்குள் நடந்திருக்கும் என்று தேடலை அங்கே குவிக்கலாம்.

இரண்டாவது கதவடைப்பு 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது வந்த பொருளாதாரத் தடை. அதைப் பின்னர் பார்ப்போம். முதலில் தகட்டுக்கு வருவோம்.

1952 முதல் 1958 வரை கௌலியில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர்களின் தகடு கிட்டத்தட்ட ஒரு முழு வாக்கியம். மூன்று எழுத்து, இரண்டு இலக்கம், பிறகு வரிசை எண். முதல் எழுத்து 'எஃப்' என்றால் மைனர். இரண்டாம் எழுத்து உடலைச் சொல்லும்: 'ஏ' நான்கு கதவு, 'பி' இரண்டு கதவு. மூன்றாம் எழுத்து நிறம்: 'ஏ' கறுப்பு, 'ஈ' பச்சை, இப்படி. அடுத்து வரும் இலக்கந்தான் நமக்கு வேண்டியது. 1 என்றால் பிரித்தானியாவுக்குள்ளேயே விற்கவென்று செய்த, வலப்பக்க ஸ்ரியறிங் உள்ள கார். 2 என்றால் வலப்பக்க ஸ்ரியறிங் உள்ள ஏற்றுமதிக் கார். 3 இடப்பக்க ஸ்ரியறிங். 4 வட அமெரிக்கா. 5உம் 6உம் துண்டுகளாகப் பெட்டியில் அடைத்து அனுப்பி, போய்ச் சேர்ந்த நாட்டில் பொருத்தப்பட்டவை. அதற்கடுத்த இலக்கம் எந்த வகைப் பெயின்ற் என்பதைக் குறிக்கும்.

ஓர் உதாரணம் எடுப்போம். தகட்டில் 'எஃப் ஏ ஈ 21' என்று தொடங்குகிறது என்று வையுங்கள். நான்கு கதவு, பச்சை நிறம், வலப்பக்க ஸ்ரியறிங், ஏற்றுமதிக்கென்றே கட்டப்பட்டது. உரிமையாளர் "இது எப்பவும் கறுப்புத்தான்" என்று சத்தியம் பண்ணினாலும் தகடு அதை மறுக்கிறது. யாரைச் சந்தேகிப்பது? டாஷ் போட்டுக்குக் கீழே, பின்பெட்டியின் உள்மடிப்பில், கதவுப் பிணைச்சலின் இடுக்கில் என்று பெயின்ற்காரர் அக்கறைப்படாத இடங்களில் மெதுவாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். கறுப்பின் அடியில் பச்சை வந்தால் தகடும் உடலும் ஒன்றையொன்று ஒத்துக்கொள்கின்றன. பச்சையே இல்லாவிட்டால் தகடு வேறு காருக்கு உரியது, அல்லது உடல் வேறு காருடையது. மைனருக்குத் தனிச் செசி கிடையாது. உடலும் அடித்தளமும் ஒன்றாகப் பற்றவைத்த தகரக்கூடு அது. தகட்டைக் கழற்றி இன்னொன்றில் பூட்டுவதும் இலகு. யாழ்ப்பாணத்தில் இது ஏன் முக்கியம் என்பதை யுத்தப் பகுதியில் சொல்வேன்.

தகட்டில் 1 என்றிருந்தாலும் தேடுபவர் சோர்ந்துபோகத் தேவையில்லை. இங்கிலாந்தில் படித்தோ வேலை பார்த்தோ திரும்பியவர் தம் சொந்தக் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம். அப்படியென்றால் அதன் முதல் விற்பனை கொழும்பிலேயே நடக்கவில்லை. அதேபோல மலாயாவிலிருந்து ஓய்வு பெற்றுக் குடும்பத்தோடு வந்தவர் காரையும் கொண்டுவந்திருந்தால், தொழிற்சாலையிலிருந்து அது போய்ச் சேர்ந்த இடம் சிங்கப்பூராகவோ பினாங்காகவோ இருக்கும். 5 என்ற இலக்கமும் கவனிக்கத் தக்கது; துண்டுகளாக அனுப்பிப் பொருத்துவது மொறிஸுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. பாக்குநீரிணைக்கு அப்பால், சென்னைக்கு வடக்கே எண்ணூரில், 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஒஸ்ரின் ஏ-40களைத் துண்டுகளாக இறக்கிப் பொருத்திக்கொண்டிருந்தது. 1955இல் அசோக் லேலண்ட் ஆனது அதே கம்பனிதான். ஜப்பானில் நிஸான் கம்பனி 1953 முதல் ஒஸ்ரினின் உரிமம் பெற்று ஏ-40ஐயும் பின்னர் ஏ-50ஐயும் செய்தது. ஒரே வடிவம், வெவ்வேறு பிறப்பிடம். பெயரைப் பார்த்து ஏமாறாமல் தகட்டைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

1958க்குப் பின் வந்த மைனர்களின் தகட்டில் இந்த விபரம் குறைந்துபோகிறது. 'எம் ஏ எஸ் 3' என்று தொடங்கினால் மொறிஸ், ஏ வகை எஞ்சின், நான்கு கதவு, மூன்றாம் தொடர் என்பதோடு சரி. உள்நாட்டுக்கா வெளிநாட்டுக்கா, என்ன நிறம் என்பது தகட்டில் இல்லை. கம்பனிக்கு அது நிர்வாக வசதி. நமக்குப் பெரிய இழப்பு. அப்போது தேடல் இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டும்.

வோறிக்ஷயரில் கேய்டன் என்ற இடத்தில் பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. அதை நடத்தும் அறக்கட்டளையின் காப்பகத்தில் ஒஸ்ரின், மொறிஸ் முதலிய தொழிற்சாலைகளின் பழைய உற்பத்திப் பேரேடுகள் காக்கப்படுகின்றன. கார் இலக்கத்தைக் கொடுத்து, கட்டணமும் கட்டினால், அந்தப் பேரேட்டில் உள்ளதை எடுத்துச் சான்றிதழாகத் தருவார்கள். எஞ்சின் இலக்கம், உடல் இலக்கம், வெளி நிறம், உள்ளே ஆசனத்தின் நிறம், கட்டி முடித்த நாள், தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாள், எங்கே அனுப்பப்பட்டது என்பவை அதில் இருக்கும். எல்லா மாதிரிகளின் பேரேடும் முழுமையாகத் தப்பவில்லை. சில கார்களுக்கு நாட்டின் பெயரோடு நின்றுவிடும், சிலவற்றுக்கு வாங்கிய முகவரின் பெயரும் கிடைக்கும். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் எரிந்தும் நனைந்தும் கறையான் தின்றும் போன விபரத்தின் ஒரு பகுதி, நாம் ஒருபோதும் காணாத ஓர் ஊரின் அலுமாரியில் மையில் எழுதியபடி கிடக்கிறது என்பதை நினைக்க எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழும்.

பேரேட்டில் உள்ள வெளியேறிய நாளுக்கும் இலங்கையில் பதிவான நாளுக்கும் இடையே சில மாதம் இருப்பது இயல்பு. துறைமுகத்தில் காத்திருப்பு, கப்பற் பயணம், கொழும்புச் சுங்கம், முகவரின் களஞ்சியம் எல்லாம் அதற்குள் அடங்கும். 1956 நவம்பரிலிருந்து 1957 ஏப்ரல் வரை சுயெஸ் கால்வாய் அடைபட்டுக் கிடந்ததையும் மனத்தில் வைக்க வேண்டும். அந்த மாதங்களில் ஆபிரிக்காவைச் சுற்றி வந்த கப்பலில் ஏறிய கார் இன்னும் பிந்தும். இடைவெளி நீண்டிருப்பதைக் கண்டு "இது இரண்டாம் கையாக வந்திருக்கும்" என்று அவசரப்படுவது பிழை.

தகடும் பேரேடும் கைக்கு எட்டாதபோது காரின் உறுப்புகளே பேசும். லூக்காஸ் கம்பனியின் டைனமோவிலும் டிஸ்றிபியூற்றரிலும் செய்த காலத்தைக் குறிக்கும் இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். கதவுக் கண்ணாடியின் மூலையில் டிறிப்பிளெக்ஸ் என்ற பெயரைச் சுற்றியுள்ள நுண்ணிய புள்ளிகள் அந்தக் கண்ணாடி வார்த்த ஆண்டைச் சொல்லும். வேகமானியைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தாலும் சில நேரம் திகதி கிடைக்கும். ஒன்று தனியே இருந்தால் நம்பக்கூடாது, மாற்றிப் பூட்டியிருப்பார்கள். நான்கைந்து உறுப்புகள் ஒரே ஆண்டில் வந்து கூடினால் அந்த ஆண்டை நம்பலாம்.

இனி இலங்கைப் பக்கம். மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களம் 1928இல் உருவானது. சுதந்திரத்துக்குப் பின் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம் பதிவு முறையை வகுத்தது. கார் முதன்முதல் பதிவானபோது கொடுத்த இலக்கந்தான் அதன் வாழ்நாள் முழுவதும். இது தேடுபவருக்கு வாய்த்த அதிட்டம். ஐம்பதுகளின் நடுப்பகுதி வரை சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்த இலக்கங்கள் வழங்கின: ஈஎல், ஈஎன், ஈவை என்பன போல. பிறகு ஸ்ரீ வந்தது.

1957 தொடக்கத்திலிருந்து புதிய வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்துப் பொறித்த தகடு கட்டாயமானது. முந்திய ஆண்டில்தான் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியிருந்தது. அதன் சூட்டோடு வந்த ஸ்ரீ, தமிழரின் நெஞ்சில் இன்னொரு ஆணியாக இறங்கியது. தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் நடத்தியது. சிங்கள எழுத்தை மாற்றித் தமிழ் 'ஸ்ரீ' எழுதிய தகட்டோடு கார்கள் ஓடின. 1958 ஜனவரியில் தேசியமயமாக்கப்பட்ட பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்கு அனுப்பப்பட்டபோது மறுபடி தார் பூசும் போராட்டம் மூண்டது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்திருந்த ஒப்பந்தம் அந்த ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் தமிழருக்கு எதிரான நாடுதழுவிய முதல் இனக் கலவரம் வெடித்தது.

கார் வரலாற்றுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய வேலை இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் காரில் ஈஎன் என்றோ ஈவை என்றோ இருந்தால், அதன் முதல் விற்பனை ஸ்ரீ எழுத்துக்கு முந்தியது. '1 ஸ்ரீ' என்றிருந்தால் பிந்தியது. அந்த எல்லைக்கோடு சட்டென்று கண்ணில் படும். இன்னொன்றும் உண்டு. குடும்ப அல்பத்தில் கார் நிற்கும் கலியாணப் படம் ஒன்றில் இலக்கத் தகட்டின் நடு எழுத்து தமிழில் இருந்தால், அந்தப் படம் பெரும்பாலும் அந்தப் போராட்ட மாதங்களில் எடுத்தது. படத்தின் பின்னால் திகதி எழுதாமல் விட்டவர்கள், தகட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். சட்டத்தை மீறிக் கொண்டே மணமக்களை ஏற்றிப் போன அந்தக் காரின் சொந்தக்காரரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு அந்தக் கார் வெறும் வாகனம் அல்ல.

பதிவு இலக்கத்தோடு வருவது உரிமைப் புத்தகம். யாழ்ப்பாணத்தில் அதைப் 'புத்தகம்' என்றே சொல்வார்கள். "புத்தகம் கையிலை இருக்கோ?" என்பதுதான் கார் பேரத்தின் முதற் கேள்வி. கைமாறும்போதெல்லாம் உரிமையாளர் பெயர் அதில் ஏற வேண்டும். எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் அதுவும். ஒழுங்காக ஏற்றியிருந்தால் ஒரு காரின் முழுச் சரித்திரமும் அந்தப் புத்தகத்திலும் திணைக்களத்தின் கோவையிலும் இருக்கும். ஆனால் இலங்கையில் 'ஓப்பின் பேப்பர்' என்று ஒரு வழக்கம் வேர்விட்டது. விற்பவர் மாற்றப் பத்திரத்தில் கையெழுத்தை மட்டும் வைத்து, வாங்குபவர் பெயரை நிரப்பாமல் கொடுத்துவிடுவார். அடுத்தவர் அப்படியே இன்னொருவருக்குக் கொடுப்பார். வரிக்கும் அலைச்சலுக்கும் பயந்து செய்த காரியம். இப்படி ஐந்து கை மாறிய காரின் புத்தகத்தில் முதலாமவரின் பெயரே இன்னும் நிற்கும்.

இது வரலாற்றுத் தேடலுக்குச் செய்யும் கெடுதலைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு நன்மையும் செய்தது: முதலாமவரின் பெயரைக் காத்தது. நடுவிலுள்ளவர்கள் தொலைந்தார்கள்; தொடக்கம் தப்பியது. பிற நாடுகளில் கடைசி உரிமையாளரிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்கித் தேடுவார்கள். இங்கே சில கார்களில் முதற்படியை நேரே தொட்டுவிட்டு, நடுப்படிகளை ஊராரின் வாய்மொழியில் தேட வேண்டியிருக்கிறது.

இப்போது இரண்டாவது கதவடைப்பு. 1990 ஜூனிலிருந்து குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகமும் வருவது தடைப்பட்டது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து, ஏப்ரலில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறக்கும்வரை ஏதோவொரு வடிவில் இந்த நெருக்கடி நீடித்தது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் காத்துவைத்த சில துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெண்புகை. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும். ஆகையால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், அந்த ஒயிலும் கிடைக்காத பொருள்.

இங்கேதான் ஐம்பதுகளில் நடந்த விற்பனை நாற்பது ஆண்டு கழித்துப் பயன் தந்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல அழுத்தத்தைத் தாங்காது. அமுக்க விகிதம் கூடிய எஞ்சினில் அது நேரங்கெட்டு வெடித்துப் பிஸ்ரனை அடிக்கும். சோமசெற்றின் அமுக்க விகிதமும், 803 சிசி மைனரின் அமுக்க விகிதமும் ஏறக்குறைய 7.2தான். 948 சிசியோடு 1956இல் வந்த மைனர் 1000 பொதுவாக 8.3; ஆனால் தரங்குறைந்த பெற்றோல் உள்ள நாடுகளுக்கென 7.2 வைத்த எஞ்சினும் கம்பனி கொடுத்தது. எஞ்சின் இலக்கத்தில் இதைக் காணலாம். '9எம்-யு-எச்' என்று தொடங்கினால் கூடிய அமுக்கம், 'எச்' இருக்கும் இடத்தில் 'எல்' வந்தால் குறைந்த அமுக்கம். பிரித்தானியக் கம்பனியின் ஏற்றுமதிப் பகுதியில் எவரோ ஒருவர் எழுதிய அந்த 'எல்', தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் ஒரு கர்ப்பிணியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் காரா, கொட்டிலில் உறங்கும் காரா என்பதைத் தீர்மானிக்கக்கூடியதாக இருந்தது. எண்பதுகளில் வந்த ஜப்பான் கார்களுக்கு அந்தச் சகிப்புத்தன்மை குறைவு. பழையது நின்று பிடித்ததற்கு எஞ்சின் நுட்பத்தில் உள்ள காரணம் இது. மெக்கானிக்குகளின் கைவண்ணம் அதற்குச் சமமான மறு காரணம். லேத் பட்டறைகளில் அவர்கள் கடைந்து கொடுத்த உறுப்புகளுக்கு எந்தக் கம்பனியின் இலக்கமும் கிடையாது.

ஆனால் தப்பிப் பிழைத்த விதந்தான் தேடலைக் கடினமாக்குகிறது. ஒரு காரை ஓட்ட இரண்டு காரைக் கழற்றினார்கள். இதன் எஞ்சின், அதன் கியர் பெட்டி, மற்றதன் கதவு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் கராச்சில் விட்டுப்போன கார்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்த இரவில், ஓடிய கார்களில் மூட்டைகளும் முதியவர்களும் ஏறினார்கள். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இடுப்பில் கட்டிக்கொண்டு போன மனிதர், 1954இல் அப்பு வாங்கிய காரின் பற்றுச்சீட்டை எதற்காகத் தேடி எடுக்கப் போகிறார்? யாழ்ப்பாணத்தில் விலைப்பட்டியல், பற்றுச்சீட்டு, தவணைக் கடதாசி முதலிய முதல் விற்பனை ஆவணங்கள் பெரும்பாலும் அந்த இடப்பெயர்வுகளில்தான் அழிந்தன. இரும்பைக் காத்த அதே ஆண்டுகள் கடதாசியைத் தின்றுவிட்டன.

பொதுச் சேகரங்களின் அழிவு அதற்கும் முந்தியது. 1981 மே 31 நள்ளிரவிலும் மறுநாளும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. 1959இல் தொடங்கிய ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் அந்த நாட்களிலேயே எரியூட்டப்பட்டது. கார் வரலாறு தேடுபவருக்குப் பழைய பத்திரிகை விளம்பரங்கள் பொக்கிஷம்: எந்தக் கம்பனி எந்தக் காரை என்ன விலைக்கு விற்றது, யாழ்ப்பாணத்தில் யாருக்குக் கிளை இருந்தது என்பதெல்லாம் அவற்றில் கிடைக்கும். அதிட்டவசமாக ஈழகேசரி, இந்துசாதனம் போன்ற பழைய ஏடுகளின் பல இதழ்கள் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் எண்ணிமச் சேகரத்தில் படிக்கக் கிடைக்கின்றன. ஈழகேசரி 1930 முதல் 1958 வரை வெளிவந்தது. நமக்கு வேண்டிய விற்பனைக் காலத்தின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடுகிறது. கொழும்பில் ஆண்டுதோறும் வெளியான ஃபேர்குசன் விவரத் திரட்டு, வணிக நிறுவனங்களின் பெயரையும் முகவரியையும் தரும்.

இன்னொரு வழியைப் பலர் யோசிப்பதில்லை. கார் வாங்கியவர் இறந்ததும் அவருடைய சொத்து மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்காகப் போயிருந்தால், சொத்து விபரப் பட்டியல் ஒன்று தாக்கல் செய்யப்பட்டிருக்கும். காணி, வீடு, நகை, வங்கிப் பணம் என்று வரும் அந்தப் பட்டியலில் காரும் அதன் இலக்கமும் மதிப்பும் இடம்பெற வாய்ப்புண்டு. முதல் உரிமையாளர் எப்போது வரை காரை வைத்திருந்தார் என்பதற்கு இதைவிட நேரான சான்று இல்லை. குடும்பம் கனடாவுக்கோ லண்டனுக்கோ புலம்பெயர்ந்திருந்தால் அந்த வழக்கின் பிரதி அங்கே ஒரு சூட்கேசில் கிடக்கலாம். அல்பங்களும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துக் கார் ஒன்றின் முதல் படம் இன்று ஸ்காபரோவில் ஒரு வீட்டு அலுமாரியில் இருப்பது வியப்பான விடயம் அல்ல.

இதையெல்லாம் ஏன் தேட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்று உண்டு. ஐம்பதுகளின் யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பொதுப்படையாகவே பேசுகிறோம். மலாயன் பென்சன், உத்தியோகம், சீதனம் என்ற சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். ஒரு காரின் முதல் விற்பனையைத் துல்லியமாகக் கண்டுபிடித்தால் ஓர் ஆள், ஒரு தொழில், ஓர் ஊர், ஓர் ஆண்டு, ஒரு தொகை ஆகிய ஐந்தும் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடைக்கும். நூறு கார்களுக்கு இப்படிச் செய்தால், எந்த ஊரில் எந்த வருமானத்தில் கார் வந்தது, ஸ்ரீ எதிர்ப்புக் காலத்தில் புதுக் கார் வாங்குவதை யாழ்ப்பாணத்தார் தள்ளிப்போட்டார்களா, தனியார் கார் எப்போது வாடகைக் காராக இறங்கியது என்றெல்லாம் கேள்வி எழுப்ப முடியும். பொது வரலாற்றுப் புத்தகங்களில் இல்லாத தரவு அது. ஆளின் பெயரை வெளியிட வேண்டியதில்லை. ஊரும் தொழிலும் ஆண்டும் போதும்.

நேரம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். ஏ-9 திறந்ததும், யுத்தம் முடிந்த 2009க்குப் பின் மேலும் கூடியும், தெற்கிலிருந்து பழைய கார் விரும்பிகள் யாழ்ப்பாணத்துக்கு வரத் தொடங்கினார்கள். மைனருக்குத் தெற்கில் தனி மதிப்பு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், மைனரின் உடற்பாகங்களை இலங்கையில் கையால் செய்வித்து இங்கிலாந்துக்கே அனுப்புமளவுக்குத் தென்னிலங்கையில் அந்தத் தொழில் அறிவு இருந்தது. அங்கே போகும் கார்கள் அழகாகத் திருத்தப்படுகின்றன, அதில் வருத்தமில்லை. ஆனால் திருத்தும்போது பழைய பெயின்ற் முழுவதும் சுரண்டப்படும், கண்ணாடி மாற்றப்படும், லூக்காஸ் டைனமோவுக்குப் பதில் புது ஓல்ற்றனேற்றர் வரும். யாழ்ப்பாணத்துப் பட்டறையில் கடைந்த உறுப்புகள் குப்பைக்குப் போகும். விற்ற குடும்பத்தின் பெயரும் கதையும் காரோடு ஆனையிறவைக் கடப்பதில்லை.

ஆகவே கார் வைத்திருப்பவர்களிடமும், விற்க எண்ணியிருப்பவர்களிடமும் ஓர் அரை மணி நேரம் கேட்கிறேன். பொனற்றுக்குள் உள்ள தகட்டை எண்ணெய் போகத் துடைத்து, எழுத்துகள் தெளியும்படி ஒரு படம் எடுங்கள். எஞ்சின் இலக்கத்துக்கு ஒன்று. 'எச்'சா 'எல்'லா என்பது தெரிய வேண்டும். நான்கு கண்ணாடி மூலைக்கும் ஒவ்வொன்று. டாஷ் போட்டின் அடியில் பெயின்ற் உரிந்த இடம் இருந்தால் அதற்கும். புத்தகத்தின் எல்லாப் பக்கமும், வெற்றுப் பக்கம் உட்பட. பிறகு வீட்டில் மூத்தவரைக் காரின் முன் ஆசனத்தில் இருத்தி, தொலைபேசியின் ஒலிப்பதிவை அழுத்திவிட்டுக் கேளுங்கள்: "அப்பு இதைக் கொழும்பிலையிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவரோ, றெயிலிலை ஏத்தி வந்தவரோ?"